மூன்றாவது தட்டு

அநியாயம் நடந்தது முப்பிடாதிக்கு. அவள் எழுதிய நாடகம் பதினெட்டுப் பக்கம். மேடை ஏறினால் ஐம்பது நிமிஷம் ஓடும். அதை ஆறே நிமிஷத்தில் வாசித்து முடித்து, 'கரன்ட் போற கதை' என்று ஒரு சிரிப்பும் சிரித்து, ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

வாசித்தவர் அருளானந்தம். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று விதித்தவர் அவருடைய வாத்தியார். சிரித்தவர்களில் வாத்தியாரும் உண்டு.

வாத்தியார் என்றதும் மீசையையும் நரையையும் தேட வேண்டாம். பாளையங்கோட்டையில் நாடகக் குழு நடத்தும் உலகம்மைக்கு வயது முப்பத்தெட்டு. நாடகம் சொல்லிக்கொடுப்பவர் யாரானாலும் வாத்தியார்தான் என்பது அந்தக் குழுவின் வழக்கு. சீடர் அருளானந்தத்துக்கோ அறுபத்தாறு. முப்பது வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே, "எனக்கு நாடகம் படிக்கணும்" என்று வாசலில் வந்து நின்றார். அவர் உலகம்மையை வாத்தியாரே என்பார். உலகம்மை அவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் அதில் கூச்சமில்லை.

வருஷா வருஷம் தை பிறந்தால் சுற்றுவட்டாரக் கல்லூரிகள் வாத்தியாரிடம் கேட்கும். ஆண்டுவிழாவுக்கு என்ன நாடகம் போடலாம்? அரைத்த மாவு வேண்டாம். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறவர்களின் புது நாடகமாகச் சொல்லுங்கள். வாத்தியார் ஐந்து நாடகங்களைப் பரிந்துரைப்பார். ஐந்துக்கு மேல் கிடையாது. கல்லூரிகள் அந்த ஐந்துக்குள் ஒன்றை எடுக்கும். ஆறாவது நாடகம் எத்தனை நல்லதானாலும் பீரோவுக்குள்தான் அரங்கேறும்.

இந்த வருஷம் வந்தவை நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் அருளானந்தம் உரக்க வாசித்தார். குழுவில் ஆறு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். பிடித்தால் கை தூக்குவார்கள். அருளானந்தத்துக்குச் சாட்சிகளின் வாக்குமூலங்களை வாசித்துப் பழகிய தொண்டை. நிற்காமல் ஓடும். அதுவும் அவர் பேச்சை மட்டுமே வாசிப்பார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை, இவன் எழுந்து நடக்கிறான், அவள் திரும்பிப் பார்க்கிறாள் என்பதையெல்லாம், ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கடுப்பில் வாத்தியார் சொன்னதுதான் அது. "புதுசா எழுதுறவங்க அடைப்புக்குறிக்குள்ள தங்க பெருமையைக் கொட்டி வச்சிருப்பாங்க. நாடகம் பேச்சுல நிக்கணும். அதை மட்டும் வாசிங்க." சொன்னவர் மறந்துபோனார். கேட்டவர் அதை நியதியாக்கிக் காப்பாற்றினார்.

முப்பிடாதியின் நாடகத்தில் ஒரு அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வது மொத்தமே இருபது வரி. கரன்ட் போனது. புளி தீர்ந்தது. மோட்டார் இழுக்கவில்லை. பிறகு சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

முப்பிடாதி ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு மாலை மரியாதை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. அவள் படித்ததும் அங்கேதான். 'வாத்தியார் சொல்ற அஞ்சுல வரட்டும், நாங்களே போடுறோம்' என்று அங்கிருந்த தமிழ் மிஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கல்லூரி விடுதியில்தான் முப்பிடாதியின் அம்மா சமைக்கிறாள். ஆண்டுவிழா அன்று சமையல்காரர்களும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அரங்கத்தின் பின்வாசலில் நின்று நாடகம் பார்ப்பார்கள். அம்மா அங்கே நின்று இதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

விதியின் குசும்பைப் பாருங்கள். தேர்வான ஐந்து நாடகங்களையும் நகல் எடுக்க அருளானந்தம் அவள் கடைக்கே கொண்டுவந்தார். பக்கம் பக்கமாக அவளே நகல் எடுத்தாள். ஐந்திலும் அவளுடையது இல்லை.

"முப்பிடாதின்னு ஒருத்தங்க எழுதினது என்னாச்சு சார்?" என்று யாரோபோலக் கேட்டாள்.

"அந்தக் கரன்ட் கதையா? ஆறு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு தாயி!"

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பட்டியல் கல்லூரிகளுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில், குழுவின் மாடிப்படி ஏறி வந்தாள். உள்ளே வாத்தியாரும் அருளானந்தமும் மட்டும் இருந்தார்கள்.

"நான்தான் முப்பிடாதி."

அருளானந்தத்துக்கு முகம் செத்துப்போனது. "நீயா தாயி? அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா ஆறு நிமிஷம் ஏழு ஆயிருக்குமா சார்?"

வாத்தியார் பட்டியலிலிருந்து தலை நிமிர்ந்தார். "என்ன வேணும்மா?"

"என் நாடகத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தேன். போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அடைப்புக்குறிக்குள்ள எழுதினதை ஏன் வாசிக்கல?"

பதில் அருளானந்தத்திடமிருந்து வந்தது. "அது இங்க நியதி. பேச்சு மட்டும்தான். நாப்பத்து மூணுக்கும் ஒரே தராசு. ஆளைப் பாத்து அளக்கிற இடமில்ல இது."

"நாப்பத்து மூணுக்கும்?"

"கர்த்தர் மேல சத்தியமா."

முப்பிடாதி கடையில் கூடுதலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகலைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பட்டியலில் ஐந்தாவதாக இருந்த நாடகம். வாத்தியார் எழுதியது.

"இதுல அடைப்புக்குறிக்கெல்லாம் பக்கத்துல பென்சில்ல ஒரு குறிப்பு இருக்கு. 'நிறுத்தி வாசிக்க.' இன்னொரு இடத்துல, 'இங்கே மூச்சு விட்டு வாசிக்க.' இது யாரு கையெழுத்து சார்?"

கோர்ட்டில் எத்தனையோ சாட்சிகள் மாட்டிக்கொண்டு விழித்ததை அருளானந்தம் பார்த்திருக்கிறார். கூண்டுக்குள் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தன் நாடகம் வாசிக்கப்படும்போது வாத்தியார் அறையில் இருக்க மாட்டார். வெளியே படிக்கட்டில் போய் நின்றுகொள்வார். அடைப்புக்குறியும் வாசிக்கப்பட்டது அவருக்கும் புதுச் செய்தி.

"அண்ணாச்சி, என்னோடதை அடைப்புக்குறியோட வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"ஏன்?"

"உங்களோடதுன்னா அதுக்குள்ளயும் ஏதாவது இருக்கும்லா?"

"எங்களோடதுல இருக்காது," என்றாள் முப்பிடாதி.

அருளானந்தம் வாத்தியாரைப் பார்த்தார். ஆறாம் வகுப்புப் பையன் கணக்குக்கு விடை கேட்பது போல் இருந்தது அவர் குரல். "வாத்தியாரே, ஒரு சந்தேகம். நியதி தப்பா? இல்ல, நான் வாசிச்ச விதம் தப்பா?"

வாத்தியார் எழுந்து போய், மத்தியானம் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டுகளில் மூன்றை எடுத்துவந்தார். அருளானந்தத்தின் கையில் கொடுத்தார்.

"நீங்க தாண்டினதை இப்போ செய்யுங்க. அம்மா நீங்கதான்."

"நானா? இந்த வயசுல பொம்பளை வேஷமா?"

"கோர்ட்டுல எத்தனை பொம்பளைங்க வாக்குமூலத்தை 'நான்', 'நான்'னு வாசிச்சிருப்பீங்க? இன்னொருத்தியாப் பேசினா குறைஞ்சிற மாட்டீங்க. நான் அப்பா பேச்சைப் பேசுதேன். ஏம்மா, அடைப்புக்குறியெல்லாம் உனக்கு மனப்பாடம்தானே? சொல்லு."

முப்பிடாதி தயங்கினாள். கோபத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள்.

"ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அம்மா மூணு தட்டு எடுத்து வைக்கா. மூணுலயும் சோறு போடுதா."

அருளானந்தம் வேட்டியை ஒதுக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மூன்று தட்டிலும் இல்லாத சோற்றைப் போட்டார்.

"வெளிய அப்பாவோட செருப்புச் சத்தம். அம்மா மூணாவது தட்டுச் சோத்தைத் திரும்பச் சட்டியில போட்டுருதா."

அவர் தட்டைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

"ரொம்ப வேகம்," என்றாள் முப்பிடாதி.

"பின்ன? சத்தம் கேட்டுட்டுல்லா?"

"ஒரு பருக்கை கீழ கிடந்தாலும் அவருக்குத் தெரிஞ்சுபோகும் சார்."

அருளானந்தம் மறுபடி செய்தார். இந்தத் தடவை தரையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்கும் கரன்ட் போயிட்டு," என்றார் வாத்தியார், அப்பாவின் குரலில்.

"ரெண்டு பேரும் சாப்பிடுதாங்க. கடைசிக் கவளம் வரைக்கும் அம்மா மூணாவது தட்டு பக்கம் பாக்கல."

அருளானந்தம் சாப்பிட்டார். பார்த்துவிட்டார்.

"பாக்கக்கூடாது சார்."

"கண்ணு தானாப் போகுதே தாயி."

"அவளுக்கும் போகும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் தட்டிலேயே கண்ணை வைத்து, இல்லாத கவளத்தை உருட்டினார்.

"புளி தீந்துபோச்சுன்னியே, வாங்கணுமா?" என்றார் வாத்தியார்.

"அப்பா எந்திரிச்சுப் போறார். அம்மா மூணாவது தட்டைக் கழுவுதா. அது அழுக்காகல. ஆனாலும் கழுவுதா."

இந்த வரியை அருளானந்தம் போன வாரம் கண்ணால் பார்த்திருந்தார். பார்த்து, பக்கத்தைப் புரட்டியிருந்தார்.

"எவ்வளவு நேரம் கழுவ?"

"அதை எடுத்து உள்ள வைக்க அவளுக்கு மனசு வர்ற வரைக்கும்."

அவர் கழுவத் தொடங்கினார். தண்ணீர் இல்லை, நார் இல்லை. வெறும் கை தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்பக்கம் கழுவினார். விளிம்பைக் கழுவினார். திருப்பி, அடியைக் கழுவினார். மறுபடி உள்பக்கத்துக்கு வந்தார். இதை எடுத்து வைத்துவிட்டால் இன்றைய நாள் அவ்வளவுதான் என்று அவருக்குப் பட்டது. நாளைக்குச் சாப்பாட்டு நேரம் வரும் வரைக்கும் மூன்று என்று எண்ணுவதற்கு ஒரு சாக்கும் இருக்காது. கை நிற்கவில்லை. படியோரம் யாரோ வருகிற மாதிரி ஒருமுறை காது கொடுத்தார். யாரும் வரவில்லை. திரும்பவும் விளிம்புக்குப் போனார்.

வாத்தியார் அவரை நிறுத்தவில்லை. முப்பிடாதியும் 'போதும்' என்று சொல்லவில்லை.

தட்டைக் கீழே வைக்காமலே அவர் கேட்டார். "நெசமாவே உங்க அம்மா இப்படித்தான் வைக்காங்களா தாயி?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

"வேற சாதியில கட்டிக்கிட்டு வீட்டைவிட்டு வந்து ஏழு வருஷம் ஆச்சு. அப்பாவுக்கு நான் செத்தவ. அவருக்குப் பயந்து அம்மாவும் என்கிட்ட பேசுறதில்ல. எம் பேரைச் சொன்னா அந்த வீட்டுல சட்டி உடையும். அங்க எத்தனை தட்டு வைக்காங்கன்னு எனக்கு வந்து யாரு சொல்லுவா?"

"அப்போ, இதெல்லாம்?"

"வைக்கணும்னு எழுதினேன்."

அருளானந்தம் தட்டை மடியில் இறக்கிக்கொண்டார்.

"அம்மா பின்வாசல்ல நின்னு பாத்தா போதும் சார். ஆமான்னு சொல்ல வேண்டாம், இல்லைன்னும் சொல்ல வேண்டாம். நான் இப்படி நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும்."

வாத்தியார் மேஜைக்குப் போனார். பட்டியலை எடுத்தார். நிதானமாக நாலாகக் கிழித்தார்.

"வாத்தியாரே! ஒரு மணி நேரத்துல அனுப்பணும்!"

"பத்து நாள் கழிச்சு அனுப்புவோம். காலேஜ்காரங்க கேட்டா, எம் மேல தப்புன்னு சொல்லுங்க. நாளையிலருந்து எல்லாத்தையும் திரும்ப வாசிக்கணும். ஒரு எழுத்து விடாம."

"நாப்பத்து மூணுமா?"

"நாப்பத்து ஒண்ணு. இவளோடதை இன்னைக்கு வாசிச்சாச்சு."

"இன்னொண்ணு?"

"என்னோடது. அது ஏற்கெனவே முழுசா வாசிச்ச நாடகம்தானே? அதுக்கு அந்த மரியாதையே போதும்."

"நாலு வருஷம் உக்காந்து எழுதினது வாத்தியாரே."

"ஆமா," என்றார் வாத்தியார். அவர் கண் ஒரு கணம் அந்த நகலின் மேல் நின்று, விலகியது.

முப்பிடாதிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்காக யாரும் இடம் விட வேண்டாம். நான் பிச்சை கேட்டு வரல."

"உனக்கு நான் இடம் விடல. என் இடமில்லாத இடத்துல உக்காந்திருந்தேன். எந்திரிக்கேன். அவ்வளவுதான்."



"குழுவுல மத்தவங்க கை தூக்கணுமே?" என்றார் அருளானந்தம்.

"நாளைக்கு அவங்க முன்னால நீங்க இந்தத் தட்டைக் கழுவுங்க அண்ணாச்சி. தூக்குறாங்களா இல்லையா பாப்போம். இப்போ புதுத் தாள் எடுங்க."

அவர் எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது துடைத்தும் தெளியவில்லை. கோர்ட்டில் எழுதிய அதே உருண்டைக் கையெழுத்தில், சொல்லிக்கொண்டே எழுதினார்.

"நாடகம், 'சாப்பாட்டு நேரம்'. எழுதியவர், முப்பிடாதி. ஓடும் நேரம், ஐம்பது நிமிஷம்." நிறுத்தினார். "நடிக்க எத்தனை பேர் வேணும்னு காலேஜ்ல கட்டாயம் கேப்பாங்க. அம்மா, அப்பா. ரெண்டு பேர்னு போட்டுரட்டுமா வாத்தியாரே?"

முப்பிடாதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

வாத்தியார் அவள் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு பேர்," என்றார்.