பதின்மூன்றாவது பன்

திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருடைய பட்லர் ராயப்பன் விழுந்து விழுந்து சமைத்தாலும், துரை புகழ்வதென்னவோ பன் கடை சிலுவாயியின் கைப்பக்குவத்தைத்தான். அந்தப் பன்னைத் தினமும் வாங்கி வருகிறவனும் ராயப்பன்தான். வயிறு எரியாதா?

ஒருநாள் போட்டுக் கொடுத்தான். "டஜன் கேட்டா அவ பன்னிரண்டுதான் தர்றா, தொரை!"

துரை சிலுவாயியை வரவழைத்துச் சீறினார். "டஜன் பன்னிரண்டுதான். ஆனால் எங்கள் ஊரில் ரொட்டிக்காரன் டஜன் பதின்மூன்று! எடை குறைந்தால் ராஜா தண்டிப்பாரென்று பயந்து, அந்தக் காலத்திலேயே ஒன்று கூடுதலாக வைத்தார்கள். உனக்குப் பயமில்லையா? கடையை மூடு!"

"உங்க ஊர்ல பயந்து குடுத்தாங்க தொரை, நாங்க ஆசையாக் குடுப்போம். அதுக்குப் பேரு கொசுறு. அதைக் கூடையில போடமாட்டோம், வாங்க வர்றவங்க கையில குடுப்போம்."

"என் கையில ஒண்ணும் குடுக்கல!" என்றான் ராயப்பன்.

சிலுவாயி சண்டைக்குப் போகவில்லை. "ஜட்ஜ் வீட்டுப் பட்லரைக் கேட்டுப் பாருங்க தொரை. அவருக்குக் கொசுறு பன்னுல முந்திரி, திராட்சையெல்லாம் வெச்சுத் தர்றேன்."

ராயப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அவனுக்கு முந்திரியா? எனக்குக் குடுத்ததுல ஒரு திராட்சைகூட இல்லையே!"

மறுநாள் பன் வாங்க, கூடையைத் தூக்கிக்கொண்டு துரையே போனார்.