அப்பளம் கேட்டவர்கள்

கொள்ளிடத்தின் வடகரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரு கிணறு. மதியம் யார் வந்தாலும் சோறு. அவ்வளவுதான் மடம்.

அதை நடத்தி வந்தவர் பூரணத்தம்மா. அவருடைய சீடர் தேனப்பன். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூட. திருச்சியில் மென்பொருள் நிறுவனம் வைத்திருப்பவர். அங்கே அவரைக் கண்டால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள். இங்கே வந்தால் அவர் எழுந்து நிற்பார்.

அன்று காலையும் காரைப் பின்வாசலில், அடுப்படி நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எப்போதும் அப்படித்தான் வருவார், அப்படித்தான் போவார். முகம் மட்டும் அன்றைக்கு வாடியிருந்தது.

"என்ன தேனப்பன், தூக்கம் இல்லையா?" என்றார் அம்மா. அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மேல அணை நிரம்பப் போவுதும்மா. எப்ப வேணாலும் தண்ணி தொறப்பாங்க."

தேனப்பனின் நிறுவனம் ஒரு செயலி செய்திருந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டால் கரையோரத்து ஆட்களின் கைப்பேசிக்கு உடனே தகவல் வரும். கொள்ளிடத்து வெள்ளம் பொல்லாதது. இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும், ஒரு தூறல் இருக்காது. மேற்கே எங்கேயோ பெய்த மழை வந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். போன ஆடியில் செயலி சரியாகத்தான் வேலை செய்தது. ஆனாலும் ஆற்றுக்கு நடுவே உள்ள திட்டில் வெள்ளரி போட்டிருந்த மருதை என்பவரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து தேனப்பனுக்கு நெஞ்சில் ஒரு பாரம்.

"இந்தத் தடவை ஒரு உசுரு போகக் கூடாதும்மா. ஆனா தண்ணி வர்றதுக்குள்ள செயலியில ஒரே ஒரு புது வசதிதான் சேர்க்க முடியும். புள்ளைங்க ராப்பகலா உட்கார்ந்தாலும் அவ்வளவுதான். எதை முதல்ல செய்யறதுன்னு தெரியலை."

"யாரைக் கேட்டீங்க?"

"பயன்படுத்துற எல்லாரையும் கேட்டேன். ஓட்டுப் போடச் சொன்னேன்." தேனப்பன் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. "வண்ண வரைபடம் வேணும்னு கேக்கறாங்க. தண்ணி எங்க வருதுன்னு அது நகர்ந்துகிட்டே காட்டணுமாம். அடுத்தது, வாட்ஸப்புல அனுப்புற வசதி. அப்புறம் கறுப்புத் திரை. ராத்திரியில கண்ணு கூசுதாம்."

"ஓட்டுல எது ஜெயிச்சுது?"

"வரைபடம்தான். கிட்டத்துல எதுவும் வரலை."

"பின்ன எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"மனசு ஒப்பலைம்மா."

அம்மா அரிவாள்மனையை ஓரமாக வைத்தார்.

"பந்தி உட்காரட்டும். சாப்பிடறவங்ககிட்டப் போயி, நாளைக்குச் சாப்பாட்டுல என்ன சேர்க்கலாம்னு கேட்டுட்டு வாங்க."

வெள்ளத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குருவிடம் எதிர்க்கேள்வி கூடாது என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டவர் அவர். போனார்.

பந்தியில் அவருக்கு நல்ல வரவேற்பு. ஒருவர் வெள்ளிக்கிழமையாவது பாயசம் வேண்டும் என்றார். ஒருவர் ரசத்தில் மிளகு தூக்கல் என்று முகம் சுளித்துவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். "அப்பளம் இல்லாத சாப்பாடு ஒரு சாப்பாடாங்க?" என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டதும் வரிசை முழுக்க ஆமாம் போட்டது. தேனப்பன் அடுப்படிக்குத் திரும்பினார்.

"அப்பளம்தாம்மா முதல்ல வருது."

"சரி, அதை மனசுல வச்சுக்குங்க," என்று அம்மா ஒரு தூக்குவாளியை நீட்டினார். உள்ளே மோர்ச்சோறு. மேலே நாலைந்து வாழை இலைத் துண்டுகள். "முன்வாசல் வழியா வெளியே போங்க. எதிர்ல புங்கமரம் இருக்கு. அங்க இருக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டு வாங்க."

அந்தத் தூக்குவாளியைத் தேனப்பன் பார்த்திருக்கிறார். தினமும் பந்தி நடக்கும்போது அம்மா அதை எடுத்துக்கொண்டு வெளியே போவார். மாட்டுக்கோ நாய்க்கோ என்று நினைத்திருந்தார். கேட்டதில்லை.

மடத்துக்குள் செருப்போடு நடக்கிற வழக்கம் இல்லை. முன்வாசல் கதவுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, கூடம் வரை வெறுங்காலோடுதான் வர வேண்டும். கதவுக்கும் கூடத்துக்கும் நடுவே நீளமாகக் கருங்கல் தளம். அது தேனப்பனின் உபயம். முன்பு அங்கே புல் முளைத்த மண்பாதை இருந்தது. மழை பெய்தால் காலில் சேறு அப்புகிறது என்று பந்தியில் குறைப்பட்டுக்கொண்டார்கள். அதைக் கேட்டுத்தான் கல் பதித்துக் கொடுத்தார். ஓரத்துக் கல் ஒன்றில் அவர் பெயரும் செதுக்கியிருக்கிறது.

முதல் அடி வைத்ததும் உச்சந்தலை வரை சுரீரென்றது.

ஒரு கையில் வாளி, மறு கையில் வேட்டி. நிறுவனத் தலைவர் குதித்துக் குதித்து ஓடினார். ஓடும்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. சாப்பிட வருகிறவர்கள் இந்தக் கல்லின் மேல் ஓட்டமாய் ஓடி வருவதை அடுப்படி ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். பாவம், என்ன பசியோ என்று மனம் உருகியிருக்கிறார்.

புங்கமரத்தடியில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கைத்தடியோடு ஒரு கிழவர். நிறைமாதமாக ஒரு பெண். இன்னொருத்தி பாதத்தில் துணி சுற்றியிருந்தாள்.

"அம்மா வரலீங்களா?" என்றாள் துணி சுற்றியவள்.

"என்னை அனுப்பினாங்க. நீங்கள்லாம் ஏன் உள்ள வரலை?"

"கல்லு சுடுதுங்க. எனக்குச் சக்கரைக் காலு. ஒரு தடவை ஓடிப் பார்த்தேன். கொப்புளம் வந்து ஆறவே இல்லை."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குங்க? அம்மாதான் இங்கயே கொண்டாந்து போடறாங்களே. யாரோ புண்ணியவான் ஆசைப்பட்டுப் போட்ட கல்லு. அதைப் போயி குறை சொல்லலாமா?"

தேனப்பன் இலையை விரித்துச் சோற்றை வைத்தார். வேறு எதையாவது பேச வேண்டும்போல் இருந்தது.

"உங்க பேரு என்னம்மா?"

"பெரியக்கா."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"ஆத்துத் திட்டுல வெள்ளரி போட்டிருக்கேன்."

தேனப்பன் கை நின்றது. "போன வருசம் அந்தத் திட்டுல மருதைன்னு ஒருத்தர்..."

"என் வீட்டுக்காரருதாங்க," என்றாள் பெரியக்கா. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் காய் விக்கச் சந்தைக்குப் போயிருந்தேன். நல்ல வெயிலு. கரையில எல்லாருக்கும் போன்ல சேதி வந்துச்சாம். அவரு போனுக்கு வரலை."

"அவர்கிட்ட என்ன போன் இருந்துச்சு?"

அவள் இடது கையால் மடியிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். மூடி கழன்று போகாமல் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. "இதே மாதிரிதாங்க. திருப்பூர்லேர்ந்து மவ கூப்பிடும். மணி அடிச்சா எடுப்பேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"இந்த வருசமும் திட்டுக்குப் போறீங்களா?"

"போவாம? காய்ப்புல நிக்குதுங்களே."

அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பும்போது அந்தக் கல்லில் மெதுவாக நடந்து வர வேண்டும் என்று நினைத்தார். முடியவில்லை. ஓடித்தான் வந்தார்.

அடுப்படியில் வந்து நின்றபோது கண் கலங்கியிருந்தது.

"ஏம்மா, கல்லு சுடுதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. கல்லு பதிச்ச அன்னிக்கு, மத்தியானத்துல ஒரு தடவை முன்வாசல் வழியா வாங்கன்னு சொன்னேன். நீங்க சாயங்காலம் போட்டோ எடுக்க வந்தீங்க."

தேனப்பன் கிணற்றடிக்குப் போய்க் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறகு கைப்பேசியை எடுத்தார். மறுமுனையில் அவருடைய குழுத் தலைவி மதுரவாணி.

"வரைபடத்தை நிறுத்தி வைம்மா. தண்ணி தொறந்தா சாதாரண பட்டன் போனுக்கு மணி அடிக்கணும். எடுத்தா ஒரு குரல் பேசணும். அது போதும்."

"சார், அதை யாருமே கேக்கலையே?"

"ஆமாம்மா."

மறுநாள் கருங்கல் தளத்தின் மேல் தென்னங்கீற்றுப் பந்தல் ஏறியது. தேனப்பன் கிடுகு எடுத்துக் கொடுத்தார். பந்தல் போடுகிறவர், கல்லில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்தத் தேனப்பன்?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்சவர்தான்," என்றார் இவர். அதன் பிறகு பரிசலில் ஏறித் திட்டுத் திட்டாகப் போய், அங்கே இருந்தவர்களின் போன் எண்களை வாங்கி வந்தார். எண் தெரியாதவர்கள் தங்கள் போனையே அவர் கையில் கொடுத்துவிட்டுக் களை எடுக்கப் போனார்கள்.

யார் குரலில் பதிவு செய்வது என்று மதுரவாணி போனில் கேட்டபோது தேனப்பன் அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்தார்.

அணையைத் திறந்த அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நல்ல உச்சி வெயில். வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே, கீற்றுக் கொட்டகைகளில், பரிசல் துறையில் பட்டன் போன்கள் மணி அடித்தன. எடுத்தவர்கள் காதில் பூரணத்தம்மா பேசினார்.

"தண்ணி தொறந்துட்டாங்க. எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு உடனே கரைக்கு வாங்க. மடத்துல சோறு இருக்கு."

தண்ணீர் திட்டுக்கு வந்தபோது அங்கே வெள்ளரி மட்டும்தான் இருந்தது.

கூடம் நிரம்பிவிட்டது. பந்தி மேல் பந்தி. தேனப்பன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறினார். ஆனால் கண் முழுக்க முன்வாசலில்தான் இருந்தது. பெரியக்காவை இன்னும் காணவில்லை. நடுவே அவருடைய கைப்பேசி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தார். வரைபடம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். எதற்கு ஓட்டுப் போடச் சொன்னீர்கள் என்று ஒருவர் திட்டியிருந்தார். செயலியையே தூக்கிவிடப் போவதாக இன்னொருவர் மிரட்டியிருந்தார். எல்லோரும் மாடி வீட்டில் பத்திரமாக இருந்துகொண்டு எழுதியவர்கள். ஆனாலும் அவருடைய வாடிக்கையாளர்கள். கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

அவர் சாம்பார் வாளியோடு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, வரைபடம் கேட்டவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அம்மா முன்வாசலைப் பார்த்தார். பந்தலின் நிழலில், கருங்கல்லின் மேல், முழங்கால்வரை நனைந்த சேலையோடு ஒருத்தி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அப்பளம் கேட்டவங்க சாப்பிட்டாச்சு, தேனப்பன். பெரியக்கா வர்றாங்க, இலையைப் போடுங்க."