கெட் அவுட்டுக்குப் பதில்

கோவில்பட்டியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஆங்கிலம் பேசச் சொல்லித் தந்தாள் பிரிஸில்லா. குருவுக்கு வயது இருபத்தாறு. அன்று வந்து சேர்ந்த சிஷ்யை சொர்ணத்தாய்க்கு நாற்பத்தெட்டு. பள்ளி விடுதியில் ஆயா வேலை. படியேறி வரும்போதே அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

என்னவெல்லாம் தெரியும் என்று குரு கேட்டாள். சொர்ணத்தாய் தன் ஒரு நாளையே ஒப்பித்தாள். விடியும் முன் கதவைத் தட்டி வார்டன் சொல்வது, கெட் அப். பாத்திரம் தேய்க்கையில், ஹரி அப். பிள்ளைகள் வாந்தியெடுத்தால், வைப் இட் அப். மிச்சச் சோற்றைக் காட்டி, த்ரோ இட் அவே. காரணம் சொல்ல வாயைத் திறந்தால், ஷட் அப்.

வினையோடு ஒட்டுச்சொல் சேர்ந்த இதற்கெல்லாம் பிரேசல் வெர்ப் என்று பெயர் வைத்து, புத்தகத்தில் முப்பது பக்கம் உதாரணம் போட்டிருப்பார்கள். சொர்ணத்தாய்க்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பதினோரு வருஷமாக ஒரு மகராசி தினமும் அவள் தலையில் கொட்டியதே போதுமாயிருந்தது.

நேற்று காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு, சொர்ணத்தாய் யாரையும் கேட்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டாள். அது குற்றமாம். நூறு பிள்ளைகள் பார்க்க, வாசலைக் காட்டி கெட் அவுட் என்றாள் வார்டன். வெள்ளிக்கிழமை தாளாளர் முன்னால் விசாரணை. வார்டனும் இருப்பாள். அங்கே வாயடைத்து நின்றால் வேலை போய்விடும்.

"அந்தம்மா மூஞ்சிக்கு நேரா நானும் கெட் அவுட்னு சொல்லணும் மிஸ். நாக்கு குழறாம வரணும். அத மட்டும் சொல்லிக் குடுங்க."

குரு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். பிறகு எதிரே நின்று முறைத்தாள். திடீரென்று வாசலை நோக்கிக் கையை நீட்டினாள்.

"கெட் அவுட்."

சொர்ணத்தாய் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல்வரை போய்விட்டாள்.

அங்கே நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தன்னில் பாதி வயதுப் பெண் விரட்டியதே பொறுக்கவில்லை. தன்னைக் கேட்காமலே கால் கிளம்பியது அதைவிடப் பொறுக்கவில்லை. ஆத்திரம் தீர, வாய்க்கு வந்ததையெல்லாம் தமிழில் கொட்டினாள். குரு முழுவதையும் கேட்டுவிட்டு மறுபடி நாற்காலியைக் காட்டினாள்.

இரண்டாம் தடவை சொர்ணத்தாய் பாதி எழுந்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை கை மட்டும் நாற்காலியில் ஊன்றியது. குரு விடவில்லை. எத்தனையாவது தடவையோ, மேசையில் ஓங்கி அடித்து, வாசலை நோக்கிக் கையை நீட்டிக் கத்தினாள். சொர்ணத்தாய் அசையவில்லை. கண்ணில் நீர் முட்டியது, அத்தனையும் கோபம். ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் குருவே அப்படியே நின்றாள்.

"நான்தான் ஒரு வார்த்தையும் பேசலியே மிஸ்," என்றாள் சொர்ணத்தாய். "வெள்ளிக்கிழமை அந்தம்மா கெட் அவுட்னு சொன்னா, நான் பதிலுக்கு என்ன சொல்றது?"

குரு கையை இறக்கினாள்.

"நீங்க உக்காந்திருங்கக்கா. அதுக்கப்புறம் வார்த்தையத் தேட வேண்டியது அவங்கதான்."