மேற்குச் சுவர்

“அம்மா, கண்ண மூடினா மனசு நிக்க மாட்டேங்குது. பஸ் ஹாரன், பக்கத்து வீட்டு டிவி, குக்கர் விசில். இந்த ஊருல உக்காந்து தியானம் பண்றதெல்லாம் ஆகற காரியமில்லைங்க.”

பூவராகன் இப்படிக் குறைப்பட்டுக்கொண்டது வேதவல்லியிடம்.

வேதவல்லி கோயம்புத்தூரில் ஒரு சந்துக்குள் தையல் கடை வைத்திருப்பவர். காலையில் கடை திறக்கும் முன் பத்துப் பேர் வந்து அவர் எதிரில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அதற்குமேல் அவர் எதையும் கற்றுத்தந்ததில்லை. வாயில் எந்நேரமும் குண்டூசி இருப்பதால் பேச்சும் குறைவு. பூவராகனைவிடப் பதினெட்டு வயது சின்னவர். ஆனாலும் பூவராகனுக்கு அவர் ‘அம்மா’தான்.

“அதனால?” என்றார் வேதவல்லி.

“மலையடிவாரத்துல ஒரு வீடு பாத்துட்டேன். மூணு ஏக்கரா. நல்ல கிணறு. ஓட்டு வீடு. கொல்லைப் பக்கம் போய் நின்னா மலை கைக்கெட்டற தூரத்துல நிக்குது. வெள்ளிக்கிழமை பத்திரம்.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

பூவராகனின் முகம் சுருங்கியது.

“ஜெகதாம்பாளா? நான் புரோக்கர்கிட்ட போன்ல பேசினதக் கேட்டுட்டு, ‘நீங்க போங்க, நான் ஈரோட்டுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிக்கறேன்’னுட்டா. முப்பத்தாறு வருசம் கூட இருந்தவ பேசற பேச்சுங்களா இது? பதினோரு நாளாச்சு. சோறு போடறா, வாய் தொறக்க மாட்டேங்கறா. பெட்டிகூடக் கட்டி வெச்சுட்டா. எனக்குக் கிடைக்கற நிம்மதி அவளுக்குப் பொறுக்கலைங்க.”

வேதவல்லி வாயிலிருந்த ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டார்.

“வாங்க சார், வீட்டப் பாத்துட்டு வரலாம்.”

*

வீட்டை விற்கிறவர் நாச்சிமுத்து. மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோகிறார். சாவியோடு வாசலிலேயே காத்திருந்தார்.

பூவராகன் வேதவல்லியை நேராகக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

மலை அழகாகத்தான் இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீலமாக, பெரிதாக, யார் வாங்கினால் எனக்கென்ன என்று நின்றது. உச்சியில் ஒரு மேகம் போக மனமில்லாமல் தங்கியிருந்தது.

“ஒரே ஒரு குறைதாங்கம்மா. மலைப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்ல. இந்த ஊருல ஏழு வீடு. ஏழும் மலைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது. ரசனையே இல்லாத ஜனங்க!”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது.

“ஆடிக் காத்துங்க. கணவாய் வழியா வந்துச்சுன்னா ஓட்டக் கெளப்பிக்கிட்டுப் போயிரும். அதுக்குத்தான் மேக்கால வெறுஞ் சொவரு வெக்கறது. மலைய வெளிய வந்து பாத்துக்கலாமுங்க. அது எங்க போகுது?”

“தடிமனான கண்ணாடி போட்டாப் போதும்” என்றார் பூவராகன்.

அவர் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் இடத்தைப் பார்த்தால் வரைபடம் போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுக்குள் போனதும் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். மேற்குச் சுவரில் ஆறடிக்கு நாலடி ஜன்னல். அதன் முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதற்குக்கூட ஓர் அம்புக்குறி.

வேதவல்லி தாளை வெகுநேரம் பார்த்தார்.

“நாற்காலிக்குப் பின்னால இருக்கறது என்னங்க சார்?”

“சமையல்கட்டுங்க.”

வேதவல்லி பூவராகனிடம் ஒரு சாக்கட்டியை வாங்கி, ஜன்னல் வரவேண்டிய இடத்தில் சுவர்மேல் கட்டம் போட்டார். தையல்காரர் கை, அளவு பிசகவில்லை. நாச்சிமுத்து ஒரு நாற்காலி கொண்டுவந்தார். வேதவல்லி அதை அம்புக்குறிப்படி போட்டு, கட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

“நீங்க சமையல்கட்டு வாசல்ல போய் நில்லுங்க. ஏதாச்சும் பேசுங்க.”

“என்னங்கம்மா பேசறது?”

“உங்க வீட்டுல அங்கிருந்து என்ன பேச்சு வருமோ, அது.”

பூவராகனுக்குக் கூச்சமாக இருந்தது. குரு சொல்லிவிட்டாரே என்று போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“காப்பி ஆறுது.”

வேதவல்லி அசையவில்லை.

“முட்டி வலி தாங்கலைங்க. டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போயிட்டு வரலாமா?”

அசையவில்லை.

“தங்கச்சி பையனுக்குப் பொண்ணு பாத்திருக்காங்களாம்.”

வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார் வேதவல்லி.

பூவராகனுக்குக் கோபம் வந்தது. எதிரே இருந்ததென்னவோ ஒரு முதுகு. முதுகிடம் எவ்வளவு நேரம் பேசுவது? ஜெகதாம்பாள் அடுத்து என்ன சொல்வாள் என்று யோசித்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது அவர் தினமும் கேட்ட வாக்கியம்.

“உங்களத்தாங்க. கொஞ்சம் திரும்புங்களேன்.”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

வேதவல்லி திரும்பாமலேயே சொன்னார்:

“மலை ரொம்ப நல்லா இருக்கு.”

பூவராகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ஜெகதாம்பாளை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

வேதவல்லி எழுந்து சாக்கட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கைத்தூசியைத் தட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

நாச்சிமுத்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“அப்ப வெள்ளிக்கிழமை பத்திர ஆபீசுக்கு வந்துருவீங்களாங்க?”

“வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார் பூவராகன்.

“ஏனுங்க,” என்றார் நாச்சிமுத்து, “இன்னும் கேக்கவே இல்லீங்களா?”