உறையாத எண்ணெய்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிந்து சோலைக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு அறைகள், ஒரு சமையல்கட்டு, கூரை ஒழுகுகிற ஒரு பிரார்த்தனைக் கூடம், அவ்வளவுதான். குருவைச் சின்னச்சாமி என்று கூப்பிட்டார்கள். பெரியசாமி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அந்தச் 'சின்ன' மட்டும் இவரை விடவில்லை.

சின்னச்சாமிக்கு நாற்பத்தெட்டு வயது. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்துநாலு. தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், நாலு வருஷத்துக்கு முன்னால் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஞானம் தேடி மலையேறி வந்தார். ஆபீஸ் புத்தியும் அவரோடு பஸ் ஏறி வந்துவிட்டது. எதற்கும் அவருக்கு ஆதாரம் வேண்டும். கடவுள் இருக்கிறாரா என்று ஒருமுறை சாமியிடம் கேட்டார். சாமி சிரித்தார். சிரிப்பெல்லாம் எந்த ஃபைலில் சேரும் என்று ஆவுடையப்பன் நாலு நாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் மார்கழி பிறந்தும் பனி விழவில்லை. வழக்கமாக விடிகாலையில் புல்தரை வெளுத்துக் கிடக்கும். இந்த முறை பச்சையாகவே இருந்தது. வெயிலும் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

மடத்தில் குளிர்காலம் முழுக்க ஒரு பழக்கம் உண்டு. பொழுது சாய்ந்ததும் அறைக்கு ஒரு கணப்புச் சட்டியில் தணல் அள்ளி வைப்பார்கள். படுக்கப் போகிறவரைக்கும் அது அறையைச் சூடாக வைத்திருக்கும். அதற்கு ஒரு லாரி சீகை விறகு வேண்டும். விறகு விற்கிற விலைதான் ஊருக்கே தெரியுமே. ஆவுடையப்பன் கார்த்திகைக் கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, இந்த வருஷம் குளிர் இல்லை, கணப்பை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் கூரையைச் சரிசெய்யலாம் என்றார். நியாயமான பேச்சுதான். அவர் தனக்கென்று ஒரு தம்பிடி கேட்கவில்லை.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சமையல் செய்கிற வேதாசலம், குளிரா, எனக்கு வேர்க்குது என்றான். அவன் நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவன். தோட்டம் பார்க்கிற போஜன், பனி விழாவிட்டால் முட்டைக்கோஸில் பூச்சி ஏறும், பேரிமரம் பூக்காது, இது நல்லதுக்கில்லை என்று மூக்கால் அழுதான். ஆனால் கணப்பு வேண்டாம் என்றுதான் அவனும் சொன்னான். மண்வெட்டி பிடித்தால் உடம்பு தானே சூடாகிவிடுமாம். பால் கொண்டுவருகிற அம்மாள் யாரும் கேட்காமலே உள்ளே எட்டிப் பார்த்து, எலும்பெல்லாம் குத்துது, உங்களுக்கென்ன கேடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு ஓட்டு இல்லை.

கடைசியில் சுப்புராயலுவைக் கேட்டார்கள். அவர் பவானியில் தையல்கடை வைத்திருந்தவர். மடத்துக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. மடத்தில் எல்லோருடைய சட்டையும் போர்வையும் அவர் கையால் தைத்ததுதான். எல்லாருக்கும் எப்படியோ அப்படியே செய்யுங்க என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். கணப்பு நின்றது.

இருபது நாள் கழித்து, தன் தகரப் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு, மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்றார் சுப்புராயலு. பவானியில் தங்கை வீடு இருக்கிறது, அங்கே போய் இருந்துகொள்கிறேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, வயசாச்சுங்க என்பதோடு நிறுத்திக்கொண்டார். தங்கை புருஷனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மடம் இரண்டுபட்டது. குளிர் தாங்காமல்தான் மனுஷன் போகிறார், கணப்பை மறுபடி மூட்டலாம் என்றான் போஜன். குளிரே இல்லாத வருஷத்தில் என்ன குளிர், போக வேண்டும் என்று நினைப்பவருக்கு ஒரு சாக்கு என்றான் வேதாசலம். ஆவுடையப்பன் வேதாசலம் பக்கம். அவருக்குச் சுப்புராயலு மேல் ஒரு சின்ன மனத்தாங்கலும் இருந்தது. ஸ்வெட்டர் பித்தான் தைத்துத் தரச் சொல்லிப் பதினைந்து நாளாகியும் அது வந்தபாடில்லை. ஆனாலும் தான் போட்ட திட்டத்தால் ஒருவர் மடத்தை விட்டுப் போகிறார் என்பது அவருக்கு உறுத்தியது. நேரே சாமியிடம் போனார்.

சாமி கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"சாமி, இந்த வருஷம் குளிரா, இல்லையா? நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க."

"உங்களுக்கு எப்படி இருக்கு ஐயா?"

ஆவுடையப்பன் ஆதாரம் இல்லாமல் வரவில்லை. மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்.

"போன மார்கழியில இது பாதி உறைஞ்சு கிடந்தது. இன்னைக்குக் காலையில பாருங்க, தண்ணியாட்டம் இருக்கு. என் ரூம் மாடத்துலதான் எப்பவும் வைக்கிறேன். இடம் மாத்தலை."

சாமி பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். எண்ணெய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

"நல்ல ஆதாரம்தான். இதைக் கொண்டுபோய்ச் சுப்புராயலு ரூம் ஜன்னல்ல வைங்க. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நீங்களும் அங்கேயே இருங்க. பெட்டி கட்ட ஒத்தாசையா இருக்கும்."

சுப்புராயலுவின் அறை வடக்கு ஓரத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்து இருந்தது. நாலு வருஷத்தில் ஆவுடையப்பன் அந்த அறை வாசலோடு நின்று பேசியிருக்கிறாரே தவிர உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. போனதும் பாட்டிலை ஜன்னலில் வைத்தார். ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய பேப்பர் மடித்துச் செருகியிருந்தது. அப்படியும் எங்கிருந்தோ காற்று வந்து காதைத் தொட்டது. சுவரில் கை வைத்தார். ஈரம்.

சுப்புராயலு துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலாக அந்த ஸ்வெட்டர் இருந்தது. பித்தான் பாதி தைத்து, ஊசி அதிலேயே குத்தி நின்றது.

"மன்னிச்சுக்குங்க. ஊசி பிடிச்சா விரல் மடங்க மாட்டேங்குது. கீழ போனதும் தச்சு அனுப்பிடறேன்."

ஆவுடையப்பன் அந்த விரல்களைப் பார்த்தார். கணுவெல்லாம் வீங்கி நின்றன. இவரையா சோம்பேறி என்று நினைத்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. பவானியைப் பற்றிக் கேட்டார். சுப்புராயலு ஆற்றைப் பற்றிச் சொன்னார், கடை இருந்த தெருவைச் சொன்னார், தங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில் ஆவுடையப்பனுக்குப் பாதம் விறைத்தது. ஒரு மணி நேரத்தில் முழங்கால் வலி எடுத்தது. காட்டிக்கொள்ளாமல்தான் உட்கார்ந்திருந்தார். சுப்புராயலு பெட்டிக்குள் வைத்த கம்பளியைத் திரும்ப எடுத்து, ஒன்றும் கேட்காமல் அவர் காலில் போர்த்திவிட்டார்.

"உங்களுக்கு ஆகாதுங்க. நீங்க கீழ்நாட்டு உடம்பு."

சாப்பாட்டு மணி அடித்தபோது ஆவுடையப்பன் பாட்டிலை எடுத்தார். எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியிருந்தது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு அசையவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு அவர் கொல்லைக்கு ஓடினார். மலையில் எண்ணெய் உறைவது பெரிய விஷயமில்லை, சித்திரையில்கூட உறையும் என்று போஜன் வழியில் சொன்னது அவர் காதில் பாதிதான் விழுந்தது.

"அப்போ என் ரூம்ல மட்டும் எப்படி சாமி உறையலை?"

சாமி அவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனார். பெரிய அடுப்புக்குப் பின்னால், புகைக்கூண்டு ஏறுகிற சுவரில் அவர் கையைப் பிடித்து வைத்தார். கை சுட்டது.

"இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஆவுடையப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருடைய அறை. அவருடைய மாடம். நாலு வருஷமாக அவர் தலைவைத்துப் படுக்கிற சுவர்.

"போன வருஷம் உறைஞ்சதே?"

"போன வருஷம் அந்தப் பனியிலே இந்த அடுப்பாலும் முடியலை. இந்த வருஷம் குளிர் கம்மிதான் ஐயா. நீங்க சொன்னது பொய்யில்ல." சாமி கையை எடுத்துக்கொண்டார். "உங்க ரூம்ல."

வேதாசலம் கரண்டியைக் கையில் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனிடம் இன்றைக்கே ஏழு சட்டிக்கும் தணல் போடு, கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்று ஆவுடையப்பன் சொன்னார். சொன்ன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. தணல் படுக்கப் போகிறவரைக்கும்தான். அதற்குப் பிறகு அந்த ஈரச் சுவர் இருக்கிறதே. விறுவிறுவென்று வடக்கு அறைக்குப் போனார்.

சுப்புராயலு பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் பவானிக்குப் போகவேண்டாம், என் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், நான் இங்கே வந்துவிடுகிறேன் என்றார் ஆவுடையப்பன். சுப்புராயலு வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எதற்குச் சிரமம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். ஆவுடையப்பன் வாதாடவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பெட்டி போன பிறகு சுப்புராயலு என்ன செய்வார்? பின்னாலேயே வந்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில் பெட்டியோடு நடக்கும்போது ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. உள்ள ஒரே கதகதப்பான அறையை எவன் விட்டுக்கொடுப்பான்? இத்தனை வருஷ தியானத்துக்கு ஏதோ பலன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அறைக்குள் போய்ப் பெட்டியை நடுவில் இறக்கினார். எங்கே வைக்கலாம் என்று அவர் கேட்பதற்குள், சுப்புராயலு குனிந்து பெட்டியை மாடத்துக்குக் கீழே தள்ளினார்.

அந்த இடத்தில் சிமென்ட் தரையில் நாலு துருக்கறை உண்டு. ஆவுடையப்பன் நாலு வருஷமாகப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார், சோடாப்பு போட்டுத் தேய்த்திருக்கிறார். போனதில்லை. பெட்டியின் நாலு மூலையும் அந்த நாலு கறை மேல் அச்சாக உட்கார்ந்தன.

சுப்புராயலு அதைக் கவனிக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி, அப்பாடா என்றார்.

ஆவுடையப்பன் மெதுவாக வெளியே வந்தார். மூன்று மணி பஸ் கீழே வளைவில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. சாமி கொல்லையில் பிளந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் வர்றதுக்கு முன்னால அந்த ரூம்ல இருந்தது யார் சாமி?"

"பெட்டியை வச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்த அன்றைக்கு நல்ல மழை என்றார் சாமி. மடத்தில் அப்போது அவரும் சுப்புராயலுவும் மட்டும்தான். ஆவுடையப்பன் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார், டம்ளர் பல்லில் மோதுகிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. அந்த டீயை அவர் குடித்து முடிப்பதற்குள் சுப்புராயலு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கு அறைக்குப் போய்விட்டார்.

ஆவுடையப்பன் கீழே கிடந்த கட்டையை எடுத்துச் சாமியிடம் நீட்டினார்.

"நாலு வருஷமா ஏன் சாமி எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலை?"

சாமி கையிலிருந்த கடைசிக் கட்டையை அடுக்கின் மேல் வைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னு அவர்தான் கேட்டுக்கிட்டார் ஐயா. தெரிஞ்சா அந்த ரூம்ல உங்களுக்குத் தூக்கம் வராதுன்னார்."