யானை சொன்ன பதில்

செங்கழனி நாட்டை ஆண்ட மானவல்லர் நல்ல அரசர். தாம் தவறே செய்யாதவர் என்று நம்பியது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை. அந்த நம்பிக்கைக்கு நாள்தோறும் நீர் வார்த்தவர் அமைச்சர் விடங்கர்.

ஒருநாள் பட்டத்து யானை கார்முகில் சங்கிலியை அறுத்துக்கொண்டு புறப்பட்டது. ஆற்றைக் கடந்து கன்னலூருக்குப் போயிற்று. காத்தாயி என்னும் உழவர்குலப் பெண்ணின் கரும்புத் தோட்டத்தில் வயிறார உண்டது. எஞ்சியதை மிதித்துத் துவைத்தது. மாலையில் நல்ல பிள்ளையாகக் கொட்டிலுக்குத் திரும்பிவிட்டது.

காத்தாயி முறையிட வருமுன்பே விடங்கர் நாடெங்கும் முரசறையச் செய்தார்: "பட்டத்து யானை கொட்டிலை விட்டு வெளியே வரவே இல்லை!"

கன்னலூரார் யானையின் சாணத்தைக் கூடையில் அள்ளிவந்து கோட்டை வாயிலில் வைத்தார்கள்.

இரண்டாம் முரசு முழங்கிற்று: "யானை வெளியே வந்தது உண்மை. ஆனால் கரும்பைத் தொடவில்லை!"

கூடைக்குள் இருந்த கரும்புச் சக்கையைப் பார்த்து ஊரே சிரித்தது.

மூன்றாம் முரசு முழங்கிற்று: "தொட்டது உண்மை. ஆனால் அது பூச்சி விழுந்த கரும்பு!"

ஓர் ஊருக்குள் அடங்கிக் கிடந்த செய்தி, முரசின் புண்ணியத்தால் நாடு முழுவதும் பரவியது. கன்னலூரோ கொதித்தது. "கரும்பையும் தின்றுவிட்டு அதற்குக் குறையும் சொல்வதா? இந்த ஆண்டு தேர்வடத்தைத் தொடமாட்டோம்!" என்றார்கள்.

அந்நாட்டு வழக்கப்படி, தேர்வடத்தில் முதலில் கை வைக்கும் உரிமை கன்னலூராருடையது. அவர்கள் தொடாத வடத்தை வேறு எவரும் தொடார். தேர்த் திருவிழாவோ நெருங்கிவிட்டது. தேர் நிலையிலேயே நின்றுவிட்டால் மானவல்லரின் பெயர் என்னவாகும்?

அரசர் தத்தனை அழைத்தார். அவையில் குறும்புக்கும் கூர்மைக்கும் பெயர்பெற்றவன் அவன்.

"தத்தா, கன்னலூரார் வடம் பிடிக்க வேண்டும். ஆனால் நான் எவர் முன்னும் தலைகுனிய மாட்டேன். இதற்கு வழி செய். இல்லையேல் தேரை நீ ஒருவனே இழுக்க வேண்டியிருக்கும்."

"தேர் கனமானது, அரசே. ஆகவே வழி செய்கிறேன். முதலில் ஓர் ஒத்திகை. நான் காத்தாயி, தாங்கள் தாங்களே."

தத்தன் மேலாடையை முக்காடாகப் போட்டுக்கொண்டான். இடுப்பில் கை வைத்தான்.

"அரசே! என் கரும்பைத் தின்றது யார்?"

"அது வந்து… விசாரணை நடக்கிறது."

"யாரை விசாரிக்கிறீர்கள்? யானையையா?"

"பொதுவாகப் பார்த்தால், என் ஆட்சியில் கரும்பு விளைச்சல் பெருகியிருக்கிறது…"

"விளைந்ததைக் கேட்கவில்லை ஐயா. தின்றதைக் கேட்கிறேன். யார்?"

"யாரங்கே! இந்த வாயாடியைச் சிறையில் தள்ளுங்கள்!"

காவலர் பாய்ந்து தத்தனின் முக்காட்டைப் பிடித்தனர். இது ஒத்திகை என்பது அப்போதுதான் நினைவுக்கு வர, அரசர் நாணத்துடன் அவனை விடுவித்தார்.

"அரசே, தேரன்று தாங்கள் பேசவே வேண்டாம். தங்கள் சார்பில் பதில் சொல்ல வேறொருவரைப் பழக்குகிறேன். பொய் சொல்லியே அறியாதவர்."

"அரண்மனையிலா?" என்று அரசர் உண்மையாகவே வியந்தார்.

"அரண்மனையில்தான். தாங்கள் வழக்கம்போல் யானைமேல் வீற்றிருந்தால் போதும்."

அன்றுமுதல் தத்தன், தோளில் ஏதோ ஒரு கட்டைச் சுமந்துகொண்டு யானைக்கொட்டிலுக்கே போய்வந்தான். விடங்கருக்கு ஒரே களிப்பு.

"என்ன தத்தரே, பேச ஆள் கிடைக்காமல் கொட்டிலில் ஒளிந்துகொள்கிறீரோ?"

"ஆள் கிடைத்துவிட்டார் ஐயா. காதுதான் சற்றுப் பெரிது. பிறர் குறையைக் கேட்க அதுவும் வசதியே."

பிறகு அவன் கன்னலூருக்குப் போனான். "வடத்தைத் தொடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் கேள்வியை எல்லார் முன்னிலையிலும் வந்து கேளுங்கள். பதில் கிடைக்கும்" என்று காத்தாயியிடம் சொல்லிவைத்தான்.

தேர்நாள் வந்தது. கார்முகில்மேல் அரசர் கம்பீரமாக வந்தார். கன்னலூரார் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றனர். காத்தாயி முன்னே வந்து உரக்கக் கேட்டாள்:

"எங்கள் கரும்பைத் தின்றது யார்?"

அரசர் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

கார்முகில் முன்னங்கால்களை மடக்கி மண்டியிட்டது! துதிக்கையை உயர்த்தி வணங்கியது!

இதைச் சற்றும் எதிர்பாராத அரசர் முன்புறம் சரிந்தார். யானையின் கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டார். தலை தானாகக் குனிந்தது. மணிமுடி கழன்று உருண்டு, காத்தாயியின் காலடியில் போய் நின்றது.

"யானைக்குக் கால் இடறிவிட்டது! எங்கே முரசு?" என்று விடங்கர் அலறினார்.

காத்தாயி முடியை எடுத்தாள். முந்தானையால் புழுதியைத் துடைத்தாள். "உங்கள் யானை ஒப்புக்கொண்டுவிட்டது ஐயா. நீங்கள்?"

அரசர் அவளைப் பார்த்தார், அசையாத தேரைப் பார்த்தார், விடங்கரைப் பார்த்தார்.

"வாயை மூடும், விடங்கரே!" என்றார். பிறகு கூட்டத்தை நோக்கித் திரும்பினார். "தின்றது என் யானை. பொய் சொன்னது என் முரசு. காத்தாயி, உன் தோட்டத்தை அரண்மனை எருதுகள் உழும். விதைக்கரும்பு நான் தருவேன். பொறுத்துக்கொள், அம்மா."

"இதை முதல் நாளே சொல்லியிருந்தால் முரசுத் தோலாவது தேயாமல் இருந்திருக்கும்" என்றாள் காத்தாயி. முடியைக் கொடுத்துவிட்டு, வடத்தில் கை வைத்தாள். கன்னலூர் முழுவதும் அவள் பின்னே பாய்ந்தது. தேர் அசைந்தது.

மாலையில் அரசர் அவையில் தத்தனை நிறுத்திவைத்துக் கேட்டார்: "என்னை ஊரார் முன் குனிய வைத்துவிட்டாயே?"

"நான் பழக்கியது யானையை மட்டுமே, அரசே. மேலே இருந்ததால் தாங்களும் சேர்ந்து குனிந்தீர்கள்."

அரசர் புன்னகையுடன் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் இட்டார். "அதை எப்படிப் பழக்கினாய்?"

"'தின்றது யார்?' என்று கேட்பேன். மண்டியிட்டால் ஒரு கரும்பு கொடுப்பேன்."

"அத்தனை கரும்பு ஏது?"

"அமைச்சர் தோட்டத்தில் செழிப்பாக நின்றது."

விடங்கர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! என் தோட்டத்திலா கைவைத்தாய்?"

தத்தன் பணிவுடன் கைகட்டி நின்றான்.

"முரசறையச் சொல்லுங்கள், அரசே. நான் அந்தத் தோட்டத்துக்குப் போகவே இல்லை. போனது உண்மையென்றாலும் கரும்பைத் தொடவில்லை. தொட்டது உண்மையென்றாலும், அது பூச்சி விழுந்த கரும்பு!"

அரசர் சிரித்த சிரிப்பில் மணிமுடி மறுபடியும் கழன்று உருண்டது. இம்முறை அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவர் விடங்கர்.