ஆடிக்கொண்டே இருந்த கல்

“கல்லும் நிக்க மாட்டேங்குது, மனசும் நிக்க மாட்டேங்குதுங்கம்மா. நான் ஊருக்கே போயிடறேன்.”

தீர்த்தகிரி துணிப்பையோடு வந்து நின்றார். அறுபதை நெருங்கும் வயது. இரண்டு முட்டியிலும் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது.

மலையடிவார மடத்தின் சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தீர்த்தகிரியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் அடுத்தவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

மனைவி மாதம்மாள் இறந்த பிறகு வீட்டில் இருக்க முடியாமல் மடத்துக்கு வந்தவர் தீர்த்தகிரி. வந்த அன்றே, இந்தத் துக்கம் ஆற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

மழை வந்தால் அரிசி வண்டி சேற்றில் புதைந்துவிடுகிறது, கேட்டிலிருந்து சமையல்கட்டு வரை கல் பாவுங்கள் என்றார் சாமியம்மா.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. இருந்தாலும் செய்தார். மேஸ்திரி ஒருவர் வந்து வேலையைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

“எந்தக் கல்லு நிக்கல?” என்றார் சாமியம்மா இப்போது.

“எல்லாந்தாங்கம்மா. இன்னைக்குப் பதிச்சா நாளைக்குக் காலையில ஆடுது. பேத்துட்டு மறுபடி பதிக்கிறேன், அதுவும் ஆடுது. சலிச்சுப் போச்சு.”

“மண்ணை இடிச்சுக் கெட்டி பண்ணீங்களா?”

“பண்ணேன்.”

“கலவை?”

“மேஸ்திரி சொன்ன அளவுதாங்கம்மா. இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.”

“சரி, மனசு நிக்கலன்னீங்களே. அது எப்படித் தெரியும்?”

“கண்ணு முழிச்சதும் பாப்பேன். மாதம்மா போனது இன்னும் வலிக்குதான்னு. வலிக்கும். சாப்பிட உக்காந்தா பாப்பேன். படுக்கறப்பவும் பாப்பேன்.” முட்டியில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினார். “கொஞ்சம்கூடக் குறையலைங்கம்மா.”

சாமியம்மா கீரையைக் கீழே வைத்தார்.

“கல்லு ஆடறது எப்படித் தெரியும்?”

“விடிஞ்சதும் ஒவ்வொண்ணா மிதிச்சுப் பாப்பேன். மெதுவாத்தாங்கம்மா. இறுகிடுச்சான்னு தெரிய வேண்டாமா?”

சாமியம்மா கீரையை மறுபடி கையில் எடுத்தார்.

“இன்னும் ஒரு தடவை பதிங்க ஐயா. அப்புறம் ஊருக்குப் போங்க.”

முனகிக்கொண்டே போனார் தீர்த்தகிரி. பையை ஆணியில் மாட்டினார். கல்லைப் பேர்த்தார், கழுவினார், கலவை போட்டார், பதித்தார். கையில் தெம்பில்லை. நெஞ்சிலும் இல்லை.

முதல் வரிசை முடிந்ததும் சாமியம்மா வந்தார். வேலியிலிருந்து வெட்டிய முள்ளை இழுத்து வந்து, அந்த வரிசைமேல் பரப்பிவிட்டுப் போனார்.

“எதுக்குங்கம்மா?”

“தண்ணி மட்டும் தெளிங்க. தள்ளி நின்னு.”

அடுத்த வரிசை. அதன்மேலும் முள். இப்படியே சமையல்கட்டு வரை.

தினமும் விடிந்ததும் கல்லை மிதித்துப் பார்க்கத் தீர்த்தகிரிக்குக் கால் அரித்தது. பால் சட்டியைச் சுற்றும் பூனை மாதிரி முள்ளைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒருமுறை காலை நீட்டினார். குத்தியது. இழுத்துக்கொண்டார்.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லையே என்று சமையல்கட்டில் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் தண்ணீர் தெளித்தார். வேறு வழியில்லாமல் கீரை ஆய உட்கார்ந்தார். ஒருநாள் உப்புக் குறைகிறது என்று சண்டைகூடப் போட்டார். பை ஆணியிலேயே தொங்கியது.

நாள்கள் போயின. மழை வந்தது. மழைக்குப் பின்னாலேயே அரிசி வண்டியும் வந்து கேட்டில் நின்று ஹாரன் அடித்தது.

சாமியம்மா முள்ளையெல்லாம் ஓரமாக இழுத்துக் குவித்தார்.

“வரச் சொல்லுங்க.”

“வேணாங்கம்மா. அத்தனை மூட்டை இருக்கு. நான் ஒரு தடவை மிதிச்சுப்...”

வண்டி உள்ளே வந்துவிட்டது. தீர்த்தகிரி கண்ணை மூடிக்கொண்டார்.

டொக்கென்று ஒரு கல்கூடச் சத்தம் போடவில்லை.

கண்ணைத் திறந்தபோது வண்டி சமையல்கட்டு வாசலில் நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தகிரி அந்தக் கல் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஐயா,” என்றார் சாமியம்மா. “மனசு இப்ப எப்படி இருக்கு?”

தீர்த்தகிரி பழக்கத்தில் கண்ணை மூடப் போனார். பார்வை ஓரத்தில் கிடந்த முள்மேல் விழுந்தது. அங்கேயே நின்றது.

“பாக்கலைங்கம்மா.”